எறும்பு காக்குறது செடியவா, சோத்தையா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழ்ல ஒரு வாசகர் "மாமரத்துல முசுறு கூடு கட்டிருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்"னு கேட்டிருந்தார். முசுறுன்னா இலைகள சேத்து ஒட்டி மரத்துலயே கூடு கட்டுற செவப்பு எறும்பு. "மருந்து வேண்டாம், அது மரத்துக்கு காவல் நிக்குது"ன்னு ரெண்டே வரியில பதில் போட்டோம். அந்த ரெண்டு வரிக்கு இவ்ளோ கடுதாசியும் வாட்ஸ்அப்பும் வரும்னு நினைக்கல. பாதி பேர் நிஜமாவான்னு கேக்குறாங்க, மீதி பேர் "நீங்க மரத்துல ஏறி மாங்கா பறிச்சு பாருங்க, அப்ப தெரியும் காவல்"னு எழுதிருக்காங்க. சரி, மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசம், இந்த தடவை பக்கம் முழுக்க எறும்பு தான்.

கேள்வி: எறும்பு மரத்த காக்குதுன்னு சொல்றீங்களே, மரம் மேல அதுக்கு என்ன அவ்ளோ அக்கறை? – வாசகி, தென்காசி

அக்கறையெல்லாம் ஒன்னும் கிடையாதுங்க. எறும்பு காக்குறது தன்னோட சோத்தையும் வீட்டையும். அந்த சோறும் வீடும் ஒரு செடி மேல இருக்குறதால செடியும் சேந்து பொழச்சுக்குது.

சோறு எங்க இருக்குன்னு கேட்டா, உங்க தெருவுல பூவரசு இருந்தா ஒரு இலைய பறிச்சு திருப்பி பாருங்க, அடிப்பக்கம் நடு நரம்புல காம்புக்கு கிட்டக்க சின்னதா ஒரு கீறல் தெரியும். பூச்சி கடிச்ச தழும்பு இல்ல அது, தேன் சுரக்குற எடம். பருத்தி இலையிலயும் அடி நரம்புல உண்டு, ஆமணக்குல இலைக்காம்புல பொத்தான் பொத்தானா துருத்திட்டு நிக்கும், ஆவாரஞ்செடியில சின்ன இலை ஜோடிக்கு நடுவுல இருக்கும், தட்டப்பயறுல, பீர்க்கங்கொடியில, கல்யாண முருங்கையில கூட இருக்கு. பூவுக்குள்ள தேன் இருக்குறது தேனீய வரவழைக்க, அது எல்லாருக்கும் தெரியும். பூவே இல்லாத எடத்துல, இலை முதுகுல, காம்புல எதுக்கு தேன்? டார்வினே இத பாத்துட்டு சாறுல இருக்குற வேண்டாத எதையோ செடி வெளிய தள்ளுது போலன்னு தான் எழுதுனார். இத்தாலிக்காரர் டெல்பினோ 1870கள்ல "இல்ல, இது எறும்புக்கு குடுக்குற கூலி"ன்னு சொன்னார், அவர் சொன்னத ரொம்ப பேர் அப்ப ஏத்துக்கல. இப்ப கணக்கு எடுத்ததுல கிட்டத்தட்ட 4,000 வகை செடியில, 100க்கும் மேல தாவரக் குடும்பங்கள்ல இந்த மாதிரி சுரப்பி இருக்குன்னு தெரியுது.

வேலைக்கார எறும்புக்கு இனிப்புத் தண்ணி போதும், ஆனா கூட்டுல வளர்ற குஞ்சுகளுக்கு புரதம் வேணும். தேன் குடிக்க இலை இலையா சுத்துற எறும்பு வழியில ஒரு புழுவோ முட்டையோ கண்ணுல பட்டா தூக்கிட்டு போயிரும். தூக்க முடியாத பெரிய புழுவா இருந்தா கடிச்சு கடிச்சே கீழ தள்ளிவிட்ரும். எறும்பு நடமாட்டம் இருக்குற இலையில முட்டை போடவே சில பூச்சி வராது. முசுறு நடந்துட்டு போன இலைய, அந்த நேரத்துல எறும்பே அங்க இல்லன்னாலும், இலை தின்னும் வண்டு கம்மியா தான் தின்னுதுன்னு சோதனை பண்ணியே பாத்திருக்காங்க. வாசனையே போதுமா இருக்கு.

கேள்வி: இத யாராவது ஒழுங்கா சோதனை பண்ணி நிரூபிச்சிருக்காங்களா, இல்ல பாத்தவங்க சொன்ன கதையா? – கல்லூரி மாணவர், மதுரை

நல்ல கேள்வி தம்பி. ரொம்ப நாள் கதையா தான் இருந்துச்சு.

தாமஸ் பெல்ட்னு ஒரு இங்கிலீஷ்காரர், தொழிலே சுரங்க இஞ்சினியர், நிகராகுவால சோண்டாலெஸ்ங்குற எடத்துல தங்கச் சுரங்கத்த பாத்துக்கிட்டு இருந்தவர். அங்க ஒரு முள்ளு மரம், நம்ம கருவேலத்துக்கு சொந்தம் தான், முள்ளு ஒன்னொன்னும் ஜோடி ஜோடியா காளமாட்டு கொம்பு கணக்கா உப்பி இருக்கும், உள்ள ஓட்டை, அதுக்குள்ள குடும்பம் குடும்பமா எறும்பு. மரத்த லேசா தொட்டா போதும், வெளிய வந்து கொட்டித் தள்ளிரும். அந்த மரத்துல இலைக்காம்புல தேன் இருக்கு, அது போக சிற்றிலை ஒவ்வொன்னோட நுனியிலயும் மஞ்சளா ஒரு குட்டி உருண்டை, புரதமும் கொழுப்பும் நிறைஞ்சது, எறும்பு அத பிச்சு எடுத்துட்டு போய் குஞ்சுக்கு ஊட்டும். பெல்ட் 1874ல எழுதுன புஸ்தகத்துல இந்த மரம் தனக்குன்னு ஒரு நிரந்தர படைய சம்பளம் குடுத்து வச்சிருக்குன்னு சொல்லிட்டார். அந்த மஞ்ச உருண்டைக்கு இன்னைக்கும் அவர் பேர் தான், பெல்ட்டியன் பாடி.

ஆனா அவர் சொன்னதுக்கு எதிர்க்கட்சி பெருசா இருந்துச்சு, எறும்பு சும்மா அங்க குடி இருக்கு, மரத்துக்கு அதால எந்த லாபமும் இல்லன்னு அடுத்த பல பத்து வருசம் வாதம் ஓடுச்சு. அத முடிச்சு வச்சவர் டேனியல் ஜான்சன். 1960களோட ஆரம்பத்துல கலிபோர்னியால பிஎச்டி மாணவரா இருந்தவர், கிழக்கு மெக்சிகோல ஒரு வண்டு இந்த மரத்து இலையில உக்கார வர, ஒரு எறும்பு ஓடி வந்து அத விரட்டுனத பாத்துட்டு இத புடிச்சுக்கிட்டார். அவர் பண்ணது ரொம்ப நேரடியான வேலை. கொஞ்சம் மரத்துல முள்ளையெல்லாம் வெட்டியும் மருந்து அடிச்சும் எறும்ப இல்லாம பண்ணார், பக்கத்துலயே அதே வகை மரங்கள எறும்போட அப்டியே விட்டார், அப்புறம் ரெண்டையும் அளந்துக்கிட்டே வந்தார். எறும்பு இல்லாத மரத்துல பூச்சி கொழுந்து கொழுந்தா மேய்ஞ்சு தள்ளிருச்சு, பக்கத்து கொடி மேல ஏறி வெயில மறைச்சுருச்சு, வளர்ச்சி நின்னு போய் நிறைய மரம் பட்டே போச்சு. எறும்பு இருந்த மரம் ஜம்முனு நின்னுச்சு. 1966ல இத வெளியிட்டார்.

இதுல எனக்கு புடிச்ச விஷயம் வேற. இந்த எறும்பு பூச்சிய மட்டும் பாக்குறதில்ல. மரத்த தொடுற கொடியோட நுனிய கடிச்சு எறியும், மரத்தடியில வேற செடி முளைச்சா அதையும் கடிச்சு வெறும் தரையா வச்சிருக்கும், ராத்திரி பகல் ரெண்டு ஷிப்ட்லயும் ரோந்து. அப்புறம் 1973ல வேற ஒன்னு தெரிய வந்துச்சு. எறும்பு இல்லாத சொந்தக்கார மரங்கள் இலையில சயனைடு விடுற கசப்பு ரசாயனத்த வச்சு பூச்சிய தடுக்குது, எறும்பு மரத்துல அது இல்ல. அந்த செலவ நிறுத்திட்டு எறும்புக்கு கூலியா மாத்திருச்சு மரம். அதனால தான் எறும்ப எடுத்தா அந்த மரம் அவ்ளோ சீக்கிரம் விழுந்துருது, வேற ஆயுதமே இல்ல கையில.

கேள்வி: நம்ம நாட்டுல அந்த மாதிரி எறும்புக்கு வீடு கட்டிக் குடுக்குற மரம் இருக்கா? – வாசகர், கோவை

இருக்கு, உங்க ஊருக்கு மேற்க மலைய தாண்டுனா. மேற்குத்தொடர்ச்சி மலையில கேரளா, கர்நாடகா பக்கத்து மழைக்காட்டுல ஹம்போல்ட்டியா ப்ருனோனிஸ்னு ஒரு சின்ன மரம், உலகத்துல வேற எங்கயும் கிடையாது. கெளையில கணுவுக்கு கணு நடுவுல உப்பி, உள்ள வெறும் கூடு, தானாவே ஒரு வாசல் மாதிரி பிளவு விட்டுரும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல ரெனி போர்ஜஸ் குழு இத பல வருசமா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க.

இதுல கூத்து என்னன்னா எல்லா மரத்துலயும் வீடு இல்ல, பக்கத்து பக்கத்து மரத்துல ஒன்னுல இருக்கும் ஒன்னுல இருக்காது. வீட்டுக்குள்ளயும் பலவகை எறும்பு, குளவி, ஏன் மரத்துல வாழுற ஒரு மண்புழு கூட குடி இருக்கு. இத்தனை பேர்ல உருப்படியா காவல் காக்குறது ஒரே ஒரு கருப்பு எறும்பு தான், அதுவும் எல்லா காட்டுலயும் இல்ல. அப்புறம் எதுக்கு மத்ததுக்கெல்லாம் வீடுன்னு பாத்தா, உள்ள குடி இருக்குறதோட கழிவுல இருந்து சத்து மரத்துக்குள்ள போறத கண்டுபிடிச்சிருக்காங்க. காவல் காக்கலைன்னா வாடகை குடு, அந்த கணக்கு.

கேள்வி: நிறைய மரம் இருக்கப்ப எறும்பு ஏன் ஒரே மரத்தோட கிடக்கு? வேற எடத்துல நல்ல தேன் கிடைச்சா போயிறாதா? – வாசகி, திருச்சி

மேல சொன்னேனே, ஜான்சன் சோதனை பண்ண மெக்சிகோ முள்ளு மரம், அதோட வேலை இதுல கொஞ்சம் வில்லத்தனம். நம்ம சர்க்கரை இருக்கே, சுக்ரோஸ், அத செரிக்க இன்வெர்டேஸ்னு ஒரு நொதி வேணும். இந்த மரம் தன் தேன்ல இன்வெர்டேஸையும் கலந்து சுக்ரோஸை முன்னாடியே உடைச்சு வச்சிருது, அதனால சுக்ரோஸ் தேடுற ஊர் எறும்புங்களுக்கு இந்த தேன் மேல பெருசா ஆசை வராது. குடி இருக்குற எறும்புக்கோ சுக்ரோஸை செரிக்குற சக்தியே இல்ல, அதுக்கு இந்த தேன் தான் கதி. இது மார்ட்டின் ஹெய்ல் குழு 2005ல கண்டது.

பொறவியிலயே அந்த சக்தி இல்லாத எறும்பு இந்த மரத்த தேடி வந்துச்சு போலன்னு தான் நினைச்சுட்டு இருந்தாங்க. 2014ல அதே குழு பாத்தா, குஞ்சா இருக்கப்ப அந்த நொதி எறும்புக்கிட்ட இருக்கு! பெரிய எறும்பா வெளிய வந்து மரத்துத் தேனை குடிக்குது பாருங்க, அந்த தேன்ல இருக்குற கைட்டினேஸ்னு ஒரு புரதம் எறும்போட நொதிய முடக்கிருது. அதுக்கப்புறம் வேற எந்த சர்க்கரையும் அதுக்கு ஒத்துக்காது. சொந்த விருப்பத்துல வேலை பாக்குறவங்கன்னு நினைச்சா கொத்தடிமை கதையா இருக்கு.

கேள்வி: எறும்பு எல்லா பூச்சியையும் விரட்டுனா தேனீ எப்படி வரும்? மகரந்தச் சேர்க்கை நடக்க வேண்டாமா? – பள்ளி ஆசிரியை, நாமக்கல்

வேணுமே, அதுக்கும் வழி வச்சிருக்கு டீச்சர். தான்சானியாவுல எறும்பு குடி இருக்குற ஒரு வேல மரத்துல வில்மர், ஸ்டோன்னு ரெண்டு பேர் பாத்து 1997ல எழுதுனாங்க: புதுசா விரிஞ்ச பூவுல எறும்புக்கு ஆகாத ஒரு வாசனை இருக்கு, அதனால அந்த நேரத்துல எறும்பு பூவ விட்டு தள்ளியே நிக்குது, தேனீ வந்து வேலைய முடிச்சுட்டு போயிருது. பூ பழசான பிறகு அந்த வாசனை போயிரும், எறும்பு திரும்ப வந்து காய் பிடிக்கிற எடத்த பாத்துக்கும்.

கேள்வி: புழு ஒரு இலைய கடிக்கிறது எறும்புக்கு எப்படி தெரியுது? – 8ஆம் வகுப்பு மாணவி, கடலூர்

கடிபட்ட இலையில இருந்து வாசனை வரும் பாப்பா, நாம புல்லு வெட்டுனா வர்ற வாசனை மாதிரி. தென் அமெரிக்கால செக்ரோப்பியான்னு ஒரு மரத்துல இலைய லேசா கிழிச்சு விட்டாலே கொஞ்ச நேரத்துல அந்த இலைக்கு எறும்பு கூட்டம் கூடிருது. இன்னொன்னு, நிறைய செடி கடி வாங்குன உடனே ஜாஸ்மோனிக் ஆசிட்னு ஒரு பொருள உள்ள தயார் பண்ணும், அதோட வேலையில ஒன்னு தேன் சுரப்பை கூட்டுறது. பருத்தியில புழு தின்னா தின்ன இலையிலயும் புது இலையிலயும் தேன் கூடுதலா வரும். அதாவது ஆபத்து இல்லாத நாள்ல கூலி கம்மி, ஆபத்து வந்தா கூலி ஜாஸ்தி.

கேள்வி: நீங்க பாட்டுக்கு மருந்து அடிக்காதீங்கன்னு எழுதிட்டீங்க. எங்க தோப்புல முசுறு இருக்குற மரத்துல தான் மாவுப்பூச்சி அதிகம். காய் பறிக்க ஆள் ஏற மாட்டேங்குறான். இதுக்கு என்ன சொல்றீங்க? – மா விவசாயி, கிருஷ்ணகிரி

அய்யா, நீங்க சொல்றது அத்தனையும் நியாயம். ரெண்டு வரியில சொல்லி முடிச்சிருக்கக் கூடாத விஷயம் இது.

முசுறுக்கு கூலி செடி கிட்ட இருந்து தான் வரணும்னு இல்ல. மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி இதெல்லாம் செடியோட சாறை உறிஞ்சுட்டு மிச்ச இனிப்ப பின்பக்கமா விடும், எறும்புக்கு அதுவும் தேன் தான். இனிப்பு அங்க இருந்து வந்தா எறும்பு அந்த பூச்சிக்கு காவல் நிக்கும், பொறிவண்டு வந்து மாவுப்பூச்சிய தின்னப் பாத்தா அத விரட்டும். ஆக ஒரே முசுறு, ஒரே மரத்துல, இலை தின்னும் வண்டுக்கும் தத்துப்பூச்சிக்கும் பழ ஈக்கும் எதிரி, மாவுப்பூச்சிக்கு பாதுகாவலன். மொத்தத்துல லாபமா நட்டமான்னு உங்க தோப்புல எந்த பூச்சி தொல்லை அதிகம்ங்குறத வச்சு தான் சொல்ல முடியும். முந்திரியில தேயிலைக் கொசுன்னு சாறு உறிஞ்சுற ஒரு பூச்சி கொழுந்த கருக்கி விடுற எடத்துல முசுறு இருக்குற மரம் நல்லா தப்பிக்குது, அங்க கணக்கு சுலபம். மாவுல அவ்ளோ சுலபம் இல்ல.

ஆஸ்திரேலியாவோட வடக்குப் பகுதியில ரெங்காங் பெங், கீத் கிறிஸ்டியன்னு ரெண்டு பேர் மாந்தோப்புலயும் முந்திரித் தோப்புலயும் முசுற வச்சே பூச்சி கட்டுப்பாடு பண்ணி பாத்தாங்க. அவங்க கண்ட முக்கியமான விஷயம், தோப்புல பல முசுறு கூட்டம் இருந்தா அதுங்களுக்குள்ளயே சண்டை போட்டு செத்து காவல் ஓட்டையாகிருது. அதனால ஒரு கூட்டத்தோட மரமும் அடுத்த கூட்டத்தோட மரமும் கெளை உரசாம கவாத்து பண்ணி பிரிச்சு விடணும், செதில் பூச்சி, மாவுப்பூச்சி கூடுற எடத்துக்கு மட்டும் எறும்ப கொல்லாத லேசான மருந்தா பாத்து அடிக்கணும். மரத்துக்கு மரம் கண்ணு வச்சு பாக்குற வேலை, மாசத்துக்கு ஒரு தடவை ஸ்ப்ரே அடிச்சுட்டு போறத விட மெனக்கெடு அதிகம். சொல்லிட்டேன், அப்புறம் என்ன திட்டாதீங்க.

உங்க நிலைமையில நான் பண்றதா இருந்தா, மாவுப்பூச்சி மோசமா இருக்குற மரத்துல மட்டும் எறும்பு ஏற விடாம தடுப்பேன். அடிமரத்த சுத்தி அகலமா ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட இறுக்கிக் கட்டி அது மேல கிரீஸ் தடவணும், பட்டையில நேரா தடவாதீங்க. பக்கத்து மரத்தோட தொடுற கெளைய வெட்டிரணும், இல்லன்னா முசுறு மேல் வழியா வந்துரும், கிரீஸ் வேஸ்ட்டு. எறும்பு போன பிறகு பொறிவண்டு தானா வரும். மீதி மரத்துல முசுற விட்டு வைங்க. பறிக்கிற ஆளுக்கு முழுக்கை சட்டையும் நீளக் கொக்கியும், வேற வழி எனக்கு தெரியல.

அப்புறம் ஒன்னு, இது புது ஐடியாலாம் இல்ல. கி.பி. 304ல எழுதுனதா சொல்ற ஒரு சீன நூல்ல, சந்தையில முசுறு கூட்ட கெளையோட பாய்ப்பையில போட்டு வித்தாங்கன்னும், இந்த எறும்பு இல்லன்னா ஆரஞ்சுப் பழமெல்லாம் பூச்சி அரிச்சுரும்னும் இருக்கு. மரத்துக்கு மரம் மூங்கில வச்சு எறும்புக்கு பாலம் கட்டுனதும் சீனாவுல தான். உலகத்துலயே எழுத்துல இருக்குற மிகப் பழைய பூச்சிய வச்சு பூச்சிய அடக்குற முறைன்னு இத தான் சொல்றாங்க.

கேள்வி: நம்ம பழைய பாட்டுல முசுறு வருதா? – தமிழ் ஆர்வலர், தஞ்சாவூர்

வருது. நற்றிணை 180ஆம் பாட்டுல வயக்காட்டு பலா மரத்துல முசுறு மொய்க்குற கூடு, அதுல ஒரு நாரை உரசுனதும் செவப்பு எறும்பும் வெள்ளை முட்டையும், செந்நெல்லோட வெள்ளரிசி கலந்து சிந்துற மாதிரி கொட்டும். பாத்தவங்க தான் எழுதிருக்காங்க. அந்த நாரைய நினைச்சா தான் பாவமா இருக்கு.

கேள்வி: கூலி வாங்கிட்டு வேலை செய்யாம ஏமாத்துற எறும்பு உண்டா? – வாசகர், சேலம்

ஏமாத்துறவங்க இல்லாத ஆபீஸ் எங்க இருக்கு?

மெக்சிகோ முள்ளு மரத்துலயே ஒரு எறும்பு இருக்கு, முள்ளுல குடி இருக்கும், தேனை குடிக்கும், மஞ்ச உருண்டைய திங்கும், பூச்சி வந்தா ஓடி ஒளிஞ்சுக்கும். ஜான்சன் தான் அதையும் எழுதுனார். அமேசான் பக்கம் கோர்டியான்னு ஒரு செடியில அலோமெரஸ்ங்குற எறும்பு, இலைய ஒழுங்கா காக்கும், ஆனா பூ மொட்டையெல்லாம் கடிச்சு போட்டுரும். பூ காய்னு செலவு பண்ணலைன்னா செடி புது கெளை விடும், புது கெளையில புது வீடு. செடிக்கு வாரிசு போச்சு, எறும்புக்கு பங்களா.

வெளியாளும் உண்டு. அதே முள்ளு மரத்துல ஒரு குதிக்கும் சிலந்தி, பகீரா கிப்லிங்கி, எறும்புக்கு டிமிக்கி குடுத்து தாவித் தாவி அந்த மஞ்ச உருண்டைய திருடித் திங்குது. சிலந்தின்னா வேட்டையாடும்னு தான நமக்கு பழக்கம், இது மெக்சிகோவுல 90 சதவீதத்துக்கு மேல சைவச் சாப்பாடு. 2009ல இது வெளிவந்தப்ப சிலந்தி ஆராய்ச்சிக்காரங்களுக்கே பெரிய அதிர்ச்சி. நம்ம ஊர்லயும் நீலன் வகை பட்டாம்பூச்சியோட புழுவுல நிறைய, முதுகுல இனிப்பு சுரக்கும், எறும்பு அத நக்கிட்டு இலை தின்னுற புழுவுக்கே காவல் நிக்கும்! லைஃபைரா பிராசோலிஸ்னு ஒரு பட்டாம்பூச்சியோட புழு இன்னும் ஒரு படி மேல, முதுகுல ஓடு கணக்கா கெட்டித் தோல போத்திக்கிட்டு நேரா முசுறு கூட்டுக்குள்ள போய் அதோட குஞ்சையே தின்னு வளரும், முசுறு கடிச்சுப் பாத்தாலும் ஒன்னும் ஆகாது.

கேள்வி: பூச்சி சரி, ஆடு மாடு யானைய எல்லாம் எறும்பு என்ன பண்ணும்? – வாசகர், நீலகிரி

யானைய தான் நல்லாவே பண்ணும். கென்யாவுல லைக்கிபியா பக்கம் விசில் முள்ளுன்னு ஒரு வேல மரம், உப்புன முள்ளுல எறும்பு போட்ட ஓட்டையில காத்து புகுந்தா விசில் சத்தம் வரும். தும்பிக்கைக்குள்ள எறும்பு புகுந்து கடிக்கிறது யானைக்கு சுத்தமா ஆகாது, எறும்பு இருக்குற மரத்த விட்டு ஒதுங்கிரும்னு 2010ல சோதனை பண்ணியே காட்டுனாங்க.

அங்க இன்னொரு சோதனை நடந்துச்சு, எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப புடிச்சது அது தான். 1995ல யானை, ஒட்டகச்சிவிங்கி எதுவும் நுழையாம காட்டுல கொஞ்ச எடத்துக்கு மின்வேலி போட்டாங்க. மேயுற மிருகம் இல்ல, மரம் செழிக்கணும் இல்லையா? பத்து வருசம் கழிச்சு பாத்தா, தேவையில்லன்னு மரம் தேனையும் உப்புன முள்ளையும் குறைச்சுருச்சு, கூலி குறைஞ்சதும் நல்லா காவல் காக்குற எறும்பு நலிஞ்சு போச்சு, அந்த எடத்துக்கு வேற ஒரு எறும்பு வந்துச்சு. அதுக்கு முள்ளு வீடு வேண்டாம், தண்டு துளைக்கிற வண்டு போட்ட ஓட்டையில குடி இருக்கும், அதனால வண்டு வந்தா அதுக்கு கொண்டாட்டம். கடைசியில வேலிக்குள்ள இருந்த மரம் வளர்ச்சி குறைஞ்சு அதிகமா செத்துச்சு. 2008ல டாட் பால்மர் குழு இத எழுதுனாங்க.

இப்ப அங்க புது பிரச்சினை, பெருந்தலை எறும்புன்னு வெளியூர் எறும்பு பரவி உள்ளூர் காவல் எறும்ப கொன்னு தீர்க்குது. அது பரவுன எடத்துல யானை மரத்த ஒடிக்கிறது 5லருந்து 7 மடங்கு கூடிருச்சு, மரம் போய் வெட்டவெளி ஆகிருச்சு, பதுங்க மறைவு இல்லாம சிங்கத்துக்கு வரிக்குதிரை புடிக்கிறது கஷ்டமாகிருச்சு. சிங்கம் அடிச்சதுல வரிக்குதிரை 2003ல 67 சதவீதம், 2020ல 42 சதவீதம் தான், பதிலுக்கு காட்டெருமைய அடிக்க ஆரம்பிச்சிருக்கு. 2024ல வந்த ஆராய்ச்சி இது. எறும்புல ஆரம்பிச்சு சிங்கத்தோட மெனு வரைக்கும் போயிருச்சு.

கேள்வி: எங்க நத்தம் பக்கம் கரந்தமலையில மஞ்ச எறும்பு வந்து ஆடு மாடெல்லாம் பாடுபட்டுச்சே, அதுவும் செடிக்கு காவலா? – வாசகர், திண்டுக்கல்

இல்லவே இல்ல. 2022ல உங்க பக்கம் செய்தியில வந்தது மஞ்சப் பைத்திய எறும்பு, கடிக்காது, ஃபார்மிக் ஆசிட்ட பீச்சும், கண்ணுல பட்டா அவ்ளோ தான். அது உள்ளூர் எறும்ப ஒழிச்சுட்டு செதில் பூச்சிய வளத்து விடும். இந்தியப் பெருங்கடல்ல ஆஸ்திரேலியாவுக்கு சொந்தமான கிறிஸ்துமஸ் தீவுல அது என்ன பண்ணுச்சுன்னா, செதில் பூச்சி பெருகி இலை மேல கரி அப்புன மாதிரி பூசணம் படிஞ்சு பெரிய மரமெல்லாம் பட்டுச்சு, கோடிக்கணக்கான செவப்பு நண்டு செத்துச்சு. எறும்புக்கு விஷம் வச்சு வச்சு அலுத்துப் போய், 2016ல மலேசியாலருந்து ஒரு குட்டிக் குளவிய கொண்டாந்து விட்டாங்க, எறும்ப தாக்க இல்ல, அந்த செதில் பூச்சிய தாக்க. சோத்துல கைய வச்சா எறும்பு தானா குறையும்னு.

கேள்வி: எறும்பே செடிய கொல்லும்னு யூடியூப்ல பாத்தேன், உண்மையா? – வாசகர், சென்னை

உண்மை, ஆனா தன் செடிய இல்ல. பெரு நாட்டு அமேசான் காட்டுல திடீர்னு ஒரே வகை மரம் மட்டும், துரோயா ஹிர்சூட்டான்னு பேரு, தோப்பா நிக்கும், வேற செடியே இருக்காது. உள்ளூர் ஜனங்க அது காட்டுப் பிசாசு போட்ட தோட்டம்னு சொல்வாங்க. 2005ல மேகன் ஃப்ரெடெரிக்சன் குழு வேற மரக்கன்ன அதுக்குள்ள நட்டு பாத்தாங்க, அந்த துரோயாவுல குடி இருக்குற எறும்பு வந்து இலையில கடிச்சு ஃபார்மிக் ஆசிட்ட ஏத்துச்சு, ஒரே நாள்ல இலை கருகிருச்சு. இப்டி களை எடுத்து எடுத்து 328 மரம் இருக்குற ஒரு தோட்டத்தோட வயசு 800 வருசத்துக்கு மேலன்னு கணக்கு போட்டிருக்காங்க. ஆனா தோட்டம் பெருசாக ஆக இலை தின்னும் பூச்சி அதுல கூடுதாம், அத்தனை மரத்தையும் காக்க எறும்பால முடியல.

கேள்வி: மொட்டை மாடியில தட்டப்பயறு போட்டிருக்கேன், கருப்பு எறும்பு வரிசையா ஏறுது. விரட்டவா வேண்டாமா? – வாசகி, வேலூர்

வரிசை எங்க போய் முடியுதுன்னு பின்னாடியே போய் பாருங்கக்கா. காய்க்காம்புல, இலைக்காம்புல நின்னு நின்னு நக்கிட்டு திரும்புதுன்னா தேன் குடிக்குது, விட்ருங்க. கொழுந்துல கருப்பா மொய்ச்சு இருக்குற அசுவினிக்கிட்ட போய் முடியுதுன்னா எறும்ப விட்டுட்டு அசுவினிய பாருங்க, பைப் தண்ணிய வேகமா பீச்சி விட்டா பாதி போயிரும், மீதிக்கு வேப்பெண்ணெய்யில கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து சாயங்காலமா அடிங்க. அசுவினி போனா எறும்பு கூட்டமும் கலைஞ்சுரும்.

கேள்வி: முசுறு கடிச்சா உடனே என்ன பண்ணணும்? – போன இதழ் பதிலால கடி வாங்கிய வாசகர், ராஜபாளையம்

முசுறுக்கு கொடுக்கு இல்ல, பல்லால கடிச்சு அந்த எடத்துல ஆசிட்ட பீச்சும், அதான் அந்த எரிச்சல். சோப்பு போட்டு நல்லா கழுவுங்க, ஐஸ் வைங்க, கொஞ்ச நேரத்துல அடங்கிரும். மூச்சு திணறுனாலோ உடம்பெல்லாம் தடிச்சாலோ உடனே டாக்டர்கிட்ட போயிருங்க. அதுக்கு முன்னாடி சட்டைய கழட்டி உதறுங்க சார், உள்ள இன்னும் ரெண்டு மூணு இருக்கும்.